வலி என்னுடையது

மறுபடியும் கொட்டாவி. கையைத் தூக்கி வாயைப் பொத்துவதற்குள் தாடை தானாகப் பிளந்துகொண்டது. கண்ணில் நீர் திரண்டு, கொடிக்கம்பமும் பந்தலும் வகுப்பு வாரியாக நின்ற பிள்ளைகளும் ஒரு கணம் தண்ணீருக்குள் மூழ்கி எழுந்தார்கள். சண்முகவடிவு விசிலைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டாள். தூக்கம் போதவில்லை, வேறென்ன. விளையாட்டு விழா என்றால் பி.டி. டீச்சருக்கு எங்கே தூக்கம்? கோடு போடுகிற சுண்ணாம்பிலிருந்து கோப்பைக்குக் கட்டுகிற ரிப்பன்வரை எல்லாம் அவள் தலையில்தான் விடியும். கோவில்பட்டியில் இந்தப் பெண்கள் பள்ளிக்கு அவள் மாற்றலாகி வந்த வருஷம், மைதானம் என்ற பெயரில் இருந்தது சீமைக்கருவேல முள்ளும் உடைந்த ஒரு கோல் கம்பமும்தான். இன்றைக்கு இங்கிருந்து மாநில ஹாக்கி அணிக்குப் பிள்ளைகள் போகிறார்கள். யாரால்? கொட்டாவி விடுகிற இந்தப் பொம்பளையால்தான். மூக்கு ஒழுகியது. சேலைக்கு மேல் டிராக்சூட் சட்டை போட்டிருந்ததால் தலைப்பை இழுக்க முடியாமல் புறங்கையால் துடைத்தாள். மாசி வெயில் கரிசல் மண்ணைச் சுட்டுக்கொண்டிருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் அழைப்பிதழை மடித்து விசிறிக்கொண்டார்கள். அவள் கையிலோ இறகு பிடுங்கிய கோழித்தோல் மாதிரி புள்ளி புள்ளியாக மயிர்க்கால் குத்திட்டு நின்றது. ஜலதோஷம். ஊரெல்லாம் ஜலதோஷம். காலையில் கைப்பையின் உள்ளறையைத் திறந்தபோது அங்கே இருக்க வேண்டிய மாத்திரை அட்டை இல்லாமல் போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமே இல்லை. அட்டையை எடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் இருப்பது இரண்டு பேர். இன்னொருத்தர் அவள் புருஷன் கோமதிநாயகம். மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிற மனுஷன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் போட்டு எந்தச் சுற்றில் கருகியிருக்கிறது என்று மோந்து பார்த்துச் சொல்கிற மூக்கு அவருக்கு. அந்த மூக்கை இப்போது பெண்டாட்டியின் கைப்பைக்குள் நுழைத்துவிட்டார்.

சாரணர் பிள்ளைகள் கொடி வணக்கத்துக்கு வரிசை சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் போன் போட்டாள். எடுத்ததும் அந்தப் பக்கம் கடையில் ஏதோ மோட்டார் உறுமுகிற சத்தம். பிறகு அது நின்றது. அவளுக்காக நிறுத்தியிருக்கிறார். அதுவே எரிச்சலாக இருந்தது.

“என்னங்க, என் பையில கை வச்சீங்களா?”

“இல்ல வடிவு.”

“பொய் சொல்லாதீங்க.”

“அந்தப் பையத் தொட்டா வீடு ரெண்டுபடும்னு எனக்குத் தெரியாதா? நான் தொடல.”

“அப்ப அதுவா எந்திரிச்சுப் போயிருச்சா?”

“எப்பிடி இருக்க? கை நடுங்குதா?”

“ஒண்ணும் நடுங்கல.” போன் காதில் டொக்டொக்கென்று கம்மலில் இடித்துக்கொண்டிருந்தது.

“நான் வரட்டுமா?”

“வந்தா மாத்திரையோட வாங்க. இல்லன்னா கடையிலயே கெடங்க.”

துண்டித்துவிட்டாள். தொட்டியின் ஈரச் சுவரில் கையை ஊன்றியபோது கொஞ்சம் நன்றாக இருந்தது. கையை எடுத்ததும் மறுபடி குளிர்ந்தது.

அணிவகுப்பு தொடங்கியது. இடது வலது இடது. பாண்டு வாத்தியப் பிள்ளை டிரம்மில் ஒவ்வொரு அடி விழும்போதும் அது முதுகுத்தண்டின் அடிமட்டத்தில், ஆபரேஷன் தழும்புக்கு உள்ளே, ஆணி அடிப்பது மாதிரி இறங்கியது. இதோ இருக்கிறதே வலி! இது பொய்யா? கோல் கீப்பருக்கு விழுந்து தடுப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கப் போய், இந்த மைதானத்தில் இதே மண்ணில்தான் விழுந்தாள். டிஸ்க் விலகி நரம்பை நசுக்கியது. மதுரைக்குக் கொண்டுபோய் அறுத்தார்கள். அறுத்த பிறகு டாக்டர், “இனி ஓடாதீங்க, குதிக்காதீங்க, ஆபீஸ் வேலையா கேட்டு வாங்கிக்கங்க” என்றார். ஆபீஸ் வேலையாம்! ஜில்லா அணிக்குச் சென்டர் ஃபார்வர்டு ஆடினவள் உட்கார்ந்து வருகைப்பதிவேடு போட வேண்டுமாம். முடியாது என்று சொன்னது அவள் வாய்தான், ஆனால் முடியாது என்பதை நடத்திக் காட்டியது அந்த மாத்திரை. முதன்முதலில் அதைப் போட்ட சாயங்காலம் நினைவிருக்கிறது. ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. வலி எங்கேயோ பக்கத்து வீட்டில் அழுகிற குழந்தை மாதிரி தள்ளிப்போனது. வலி மட்டுமா தள்ளிப்போனது? செத்துப்போன அம்மா, தங்காத இரண்டு கர்ப்பம், எச்.எம். மேடத்தின் குத்தல் பேச்சு, எல்லாமே ஒரு கம்பளிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அன்றைக்கு நாயகம் காபி கொண்டுவந்து கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்த்து, இவர் எவ்வளவு நல்ல மனுஷன் என்று கண் கலங்கினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி நினைத்ததில்லை. அதெல்லாம் பழைய கதை. இப்போது போட்டால் கம்பளியும் இல்லை ஒன்றும் இல்லை, எழுந்து நிற்க முடிகிறது, அவ்வளவுதான். எழுந்து நிற்பதற்காகப் போடுகிற மாத்திரைக்குப் பெயர் போதையா? போதை என்றால் தள்ளாட வேண்டும், சந்தியில் விழுந்து கிடக்க வேண்டும். அவள் எங்கே விழுந்தாள்? எந்த நாள் லீவு போட்டாள்? அடிமை என்கிறார்கள். போதைக்கு அடிமை. என்ன வார்த்தை அது? யாருக்கு யார் அடிமை? பிறந்ததிலிருந்து ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்லை என்று அம்மா தலையில் அடித்துக்கொண்ட பிள்ளை அவள். அரைப்பாவாடை போட்டு விளையாடப் போகக் கூடாது என்று அப்பா கதவைச் சாத்தினபோது கூரை ஓட்டைப் பிரித்து இறங்கிப் போனவள். அவளைப் போய் அடிமை என்றால் அந்த வார்த்தைதான் கூச்சப்பட வேண்டும். பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு அடி தவறி நடந்தது. “இடது பாருங்கட்டி, இடது!” என்று கத்தினாள். குரல் உடைந்தது. தொண்டைக்குள் இன்னொரு கொட்டாவி காத்துக்கொண்டிருந்தது.

அந்தக் குட்டி டாக்டரம்மாவைச் சொல்ல வேண்டும். போன பருவத்தில் பள்ளிக்கூடத்துப் போதை ஒழிப்பு மன்றத்துக்குப் பேச வந்தவள். மன்றத்துக்குப் பொறுப்பாசிரியை யார்? சண்முகவடிவுதான். பி.டி. டீச்சர்தானே இதற்கெல்லாம் சரி என்று தலையில் கட்டிவிட்டார்கள். அவளும் சுவரில் படமெல்லாம் ஒட்டினாள். பாலத்தடியில் குந்தியிருக்கிற பரட்டைத் தலைப் பையன்கள், ஊசி, புகை. டாக்டரம்மா படத்தைப் பார்த்துச் சிரித்தாள். “இப்படி இருந்தா கண்டுபிடிக்கிறது சுலபம் டீச்சர். நான் பாக்குறவங்க நல்லா தலைவாரிப் பூ வச்சுட்டு வர்றாங்க” என்றாள். பிறகு பிள்ளைகளிடம் பேசினாள். வலிக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையிலேயே அபின் இனம் உண்டு, அதுவும் பிடித்துக்கொள்ளும் என்றாள். கண்ணில் கருமணி கடுகாகச் சுருங்கும். மூக்கும் கன்னமும் அரிக்கும். வயிறு கட்டிக்கொள்ளும். பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும். வேளை தவறினால் சளி பிடித்தது மாதிரி மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், வெயிலில் குளிரும். வடிவு பின் வரிசையில் நின்று, சத்தம் போட்ட ஒன்பதாம் வகுப்பை அதட்டிக்கொண்டே கேட்டாள். மூக்கைச் சொறிந்துகொண்டே கேட்டாள். அப்போது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூக்கு யாருக்குத்தான் அரிக்காது? வயிறு யாருக்குத்தான் கட்டாது? தண்ணீர் கம்மியாகக் குடிக்கிறாள், அதனால். அவள் போடுவது டாக்டர் கொடுத்தது, அதனால். இப்போது மதுரை டாக்டர் எழுதுவதில்லைதான், அவர் போதும் என்றார்தான், ஆனால் வலி அவருக்கா அவளுக்கா? மருந்துக்கடைகளை மாற்றுகிறாள் என்றால் ஒரு கடையில் சரக்கு இருக்காது, அதனால். பஸ் ஏறிச் சாத்தூர்வரை போனது தங்கச்சி மகளைப் பார்க்க, வழியில் கடை இருந்தது, அதனால். டாக்டரம்மா கடைசியாக ஒன்று சொன்னாள், பிள்ளைகளுக்குப் புரிந்திருக்காது. “முதல்ல மாறுறது கண்ணும் இல்ல, கையும் இல்ல, பேச்சுதான். யாரும் கேக்காத கேள்விக்கெல்லாம் அவங்க பதில் சொல்ல ஆரம்பிச்சுருவாங்க.” யார் அப்படிப் பதில் சொல்கிறார்கள்? அவள் சொல்லவில்லையே. அவள் வாயே திறக்கவில்லை, மைதானத்தின் நடுவில் விசிலைக் கடித்துக்கொண்டு தன்பாட்டுக்கு நிற்கிறாள், யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த இடத்தில் நினைப்பு முள்ளில் சிக்கின துணி மாதிரி நின்றது. இழுத்தாள். நூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பிள்ளைகளை நிறுத்தினாள். விசில் ஊதினாள். ஓடினார்கள். அடுத்த கும்பல். காலுக்குள் ஏதோ ஊர்ந்தது. நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியாது, எலும்புக்குள் யாரோ சுண்டுகிற மாதிரி. நடந்தாள். நாயகம் போன மாதம் ஒருநாள் சாப்பிடும்போது அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாதத்தைப் பிசைந்த கை அப்படியே நின்றது. “உன் கண்ணுல மணி ஏன் புள்ள இப்பிடிச் சுருங்கிக் கெடக்கு?” என்றார். வெளிச்சம் என்றாள். எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் மங்கலில் வந்து மறுபடி பார்த்தார். “இப்பவும் அப்பிடியேதான் இருக்கு.” எவ்வளவு திமிர்! கட்டின பெண்டாட்டியை மோட்டார் மாதிரி சோதிப்பது. அன்றைக்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவள் மூன்று வேளை அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் சண்டை போடவில்லை. அதுதான் இன்னும் மோசம். சும்மா கவனித்தார். அவள் குளியலறையில் எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்று கவனித்தார். டி.வி. முன்னால் அவள் தலை தொங்கும்போது சத்தத்தைக் குறைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே, யாருக்கும் சொல்லாமல், இன்றைக்குப் போடாமல் இருந்து காட்டுகிறேன் என்று வைராக்கியமாக இருந்தாள். பொழுது சாய்வதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழுவுதொட்டி ஓரம் உட்கார்ந்துவிட்டாள். உடம்பு முழுக்க வியர்வை, சுவரில் தலையை முட்டலாமா என்று வெறி. அப்புறம் ஒன்று போட்டாள், சரியாகிவிட்டது. பார்த்தாயா, மருந்து போட்டால் சரியாகிறது என்றால் அது நோய்தானே, அது வலிதானே, என்று தனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு தூங்கினாள். வைராக்கியம் போதாது, நிறுத்துவதற்கும் டாக்டர் வேண்டும் என்று அந்தக் குட்டி டாக்டர் சொன்னாளே, அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. வைராக்கியம் போதாதென்றால் அவள் வாழ்க்கையில் வேறு எது இருந்தது, போதுவதற்கு?

தொடர் ஓட்டத்துக்கு அணிகளைக் கூப்பிட்டார்கள். கடைசிப் போட்டி. இதில் ஜெயிக்கிற அணிக்குத்தான் சுழற்கோப்பை. நீலச் சட்டை அணியில் கடைசியாக ஓட வேண்டியவள் இசக்கியம்மாள், பள்ளி ஹாக்கி அணித் தலைவி, கால் முளைத்த காற்று என்று வடிவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற பிள்ளை. வந்தாள். வந்த விதத்தில் ஏதோ சரியில்லை. நொண்டவில்லை. நொண்டக் கூடாது என்று நடந்தாள். இடது காலை வைப்பதற்கு முன்னால் முகத்தை வேறு பக்கம் திருப்பினாள். வடிவுக்கு இதெல்லாம் தூரத்திலேயே தெரியும்.

“ஏட்டி இசக்கி, இங்க வா. கால்ல என்ன?”

“ஒண்ணும் இல்ல டீச்சர்.”

“காட்டு.”

“நேத்துப் படியில லேசா பிசகிச்சு. இப்ப சரியாப் போச்சு. வலியே இல்ல டீச்சர். ராத்திரி நல்லாத் தூங்கினேன். எங்கம்மாகூடப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாங்க.”

கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வந்துகொண்டிருந்தது. வடிவு குனிந்தாள், முதுகு கத்தியது, பிள்ளையின் காலுறையைக் கீழே இழுத்தாள். கணுக்கால் பழுத்த கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. விரலால் தொட்டதும் இசக்கி உதட்டைக் கடித்தாள்.

“இதோட ஓடப்போறியா? கூறு இருக்கா ஒனக்கு? போய் உக்காரு.”

இசக்கி போகவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, ரகசியம் தெரிந்தவள் ரகசியம் தெரிந்தவளிடம் பேசுகிற மாதிரி கேட்டாள்: “டீச்சர், ஒங்க பையில இருக்குற மாத்திரையில ஒண்ணே ஒண்ணு குடுங்க டீச்சர். நான் ஓடிருவேன். நீங்களும் அதப் போட்டுட்டுத்தான நிக்கிறீங்க? எங்க எல்லாருக்கும் தெரியும்.”

எங்க எல்லாருக்கும். டிரம் சத்தம் நின்றிருந்தது. பந்தலில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். வடிவுக்குக் காது அடைத்தது. பிள்ளைகளுக்குத் தெரியும். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அவள் திரும்பி நின்று வாயில் போட்டுக்கொள்வது, மதியத்துக்குப் பிறகு நாற்காலியில் தலை தொங்குவது, அடுத்த மாத்திரை போடும்வரை எல்லார்மேலும் எரிந்து விழுவது, எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்து, அவர்கள் பயப்படவில்லை, வெறுக்கவில்லை, கற்றுக்கொண்டிருக்கிறார்கள். வலித்தால் டீச்சர் மாதிரி ஒன்று போட்டுக்கொண்டு ஓடிவிடலாம் என்று கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அடித்திருக்க வேண்டும் அந்தப் பிள்ளையை, இல்லை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். வடிவு இரண்டும் செய்யவில்லை, ஏனென்றால் அவளுடைய கை அவளைக் கேட்காமல் தோளில் தொங்கிய பையைப் பிடித்து விலாவோடு இறுக்கிக்கொண்டது. பை காலி. அது அவளுக்கே தெரியும். காலிப் பையை ஒரு சிறுபிள்ளையிடமிருந்து அவள் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே ஒன்று இருந்திருந்தால்? குடுத்திருக்க மாட்டாள். நிச்சயமாகக் குடுத்திருக்க மாட்டாள். பதினாறு வயசுப் பிள்ளை என்பதால் அல்ல, காலில் எலும்பு விரிசல் விட்டிருக்கலாம் என்பதால் அல்ல. குடுத்தால் தனக்கு ஒன்று குறையும் என்பதால். மனசு முதலில் போன வழி அதுதான். மற்ற நியாயமெல்லாம் மூச்சிரைத்துக்கொண்டு பின்னால்தான் ஓடி வந்தது. இதை யார் அவளுக்குச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நாயகமோ அந்தக் குட்டி டாக்டரோ சொல்லியிருந்தால் மறுத்திருப்பாள், தர்க்கம் பண்ணியிருப்பாள், ஜெயித்தும் இருப்பாள். தன் கை தானாகப் போய்ப் பையைப் பிடித்ததை எதைச் சொல்லி மறுப்பது?

“இல்ல” என்றாள். “இருந்தாலும் கெடையாது. உக்காரு, கட்டு போடுறேன்.”

டிராக்சூட் சட்டைப் பையில் எப்போதும் கட்டுத்துணி ஒன்று வைத்திருப்பாள். உருவினாள். துணிச்சுருளோடு ஒட்டிக்கொண்டு வெள்ளிக் காகிதம் ஒன்று வெளியே வந்து மண்ணில் விழுந்தது. இசக்கிதான் எடுத்தாள். எல்லாக் குழியும் உடைந்து, பின்பக்கத் தாள் பொத்தல் பொத்தலாக இருந்தது.

“காலியா இருக்கு டீச்சர்” என்றாள் இசக்கி.

வடிவு அதை வாங்கிப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் ஒத்திகை முடிந்த பிறகு, இதே சட்டை, விளையாட்டுப் பொருள் அறைக்குப் பின்னால் இருக்கிற குழாய். உள்ளங்கையில் விழுந்த தண்ணீர் சில்லென்று இருந்தது நினைவிருக்கிறது. குழாயின் மரை தேய்ந்து சொட்டிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. எத்தனை போட்டாள், எப்போது மிச்சத்தையும் போட்டாள் என்பது துடைத்துவிட்டது மாதிரி இல்லை. நாயகம் தொடவில்லை. அவர் உண்மையைத்தான் சொன்னார். காலையிலிருந்து மனசுக்குள் அந்த மனுஷனை நிறுத்தி வைத்து எத்தனை பேச்சுப் பேசியிருப்பாள்! பிள்ளையின் காலில் துணியைச் சுற்றினாள். துணி கோணலாகப் போனது, பிரித்து மறுபடி சுற்றினாள். வியர்வை மூக்கு நுனியிலிருந்து இசக்கியின் பாதத்தில் சொட்டியது. இசக்கி காலை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவள் முகம் உம்மென்று கல்லாகியிருந்தது. “எனக்குப் பதிலா யாரு டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள். மாற்று ஓட்டக்காரி பெயரை வடிவு சொன்னதும் அழ ஆரம்பித்தாள்.

அழட்டும். ஒரு கோப்பை போனால் போகட்டும். வடிவு எழுந்து தொடக்கக் கோட்டுக்கு நடந்தாள். வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருந்தது. இந்த ஓட்டத்தை இன்னொரு டீச்சரை ஊதச் சொல்லிவிட்டு அறையில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். முடியாது. இந்த உடம்பு அவளிடம் பேரம் பேசுகிறது. குடு, குடுத்தால் நிற்கிறேன் என்கிறது. குடுக்காமல் நில் பார்ப்போம். கொஞ்ச நேரத்துக்காவது நில். விசிலை ஊதினாள். ஊதின ஊதலில் கொடிக்கம்பத்துக் காக்காய் பறந்தது. பிள்ளைகள் பாய்ந்தார்கள். நீல அணி மூன்றாவது சுற்றுவரை முன்னால் இருந்து, கடைசிச் சுற்றில் தோற்றுப்போனது.

நாயகத்தின் பைக் வாசலில் நின்றது அப்போதுதான் தெரிந்தது. கையெல்லாம் கிரீஸ், சட்டையில் வார்னிஷ் வாசனை. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார். வாசல் பக்கத்து வேப்பமரத்தடிக்கு அவள் போய்ச் சேர்வதற்குள் அவர் நாலு எட்டு எதிரே வந்துவிட்டார். முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சட்டைப் பையிலிருந்து புது அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

“இந்தா. போட்டுக்கோ முதல்ல. ஒன் குரலைக் கேட்டதுக்கப்புறம் என்னால கடையில இருக்க முடியல.”

“எங்க வாங்குனீங்க?”

“பஸ் ஸ்டாண்டு எதிர்ல. மாத்திரை பேரைச் சொன்னதும், ‘டீச்சரக்காவுக்கா?’ன்னு கேட்டுட்டு எடுத்துக் குடுத்துட்டான்.” தலையைக் குனிந்துகொண்டார். “தப்புதான். தெரியுது. ஆனா நீ இப்பிடி நடுங்கிட்டு நிக்கிறதப் பாத்துட்டு நான் என்ன பண்ணட்டும்?”

வெள்ளி அட்டை வெயிலில் மின்னியது. வாயில் எச்சில் ஊறியது. பசிக்கு ஊறுவதைவிட வேகமாக ஊறியது. அந்த அவமானத்தை அவள் நின்று முழுசாகப் பார்த்தாள். கை நீண்டது. நீண்ட கை அவர் மணிக்கட்டைப் பிடித்து அட்டையோடு அவர் சட்டைப் பைக்கே கொண்டுபோய்த் திணித்தது. எப்படித் திணித்தாள் என்று பின்னால் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

“நீங்க எடுக்கல” என்றாள். “நாந்தான் தின்னு தீத்துருக்கேன். தின்னது ஞாபகம்கூட இல்ல எனக்கு. கேட்டீங்களா? ஞாபகம் இல்ல.”

“வடிவு...”

“பேசாதீங்க. ஆறுதல் சொன்னா விழுந்துருவேன். பைக்க எடுங்க. ஆசுபத்திரிக்குப் போகணும். இப்பவே போகணும். சாயங்காலம்னா நான் வர மாட்டேன், ஆயிரம் காரணம் சொல்வேன், என்னை எனக்குத் தெரியும்.”

பந்தலிலிருந்து எச்.எம். மேடம் கைதட்டிக் கூப்பிட்டார். பரிசளிப்பு தொடங்கப் போகிறதாம், பெயர் வாசிக்க வேண்டுமாம். வடிவு போய் நின்றாள். பக்கத்தில் சிறப்பு விருந்தினர், தமிழ் டீச்சர், கோப்பைகள்.

“மேடம், நான் கெளம்புறேன். நீங்களே வாசிச்சிருங்க.”

“என்ன டீச்சர் இது, பாதியில? ஒடம்பு சரியில்லையா? முதுகு வலியா?”

சொல்வதற்கு வசதியான வார்த்தையை அவரே எடுத்துக் கையில் கொடுத்தார். ஆமாம் என்றால் போதும், எல்லாரும் ஐயோ பாவம் என்பார்கள், யாரோ தண்ணீர் கொண்டுவருவார்கள், நாளைக்கு மறுபடி அதே குழாயடி. சற்றுத் தள்ளி, கட்டுப் போட்ட காலை நீட்டி, கண்ணீர் காயாத முகத்தோடு இசக்கி உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முதுகு வலி இல்ல மேடம். வலி மாத்திரையப் போட்டுப் போட்டு, இப்ப அது இல்லாம நிக்க முடியல. அதுக்குத்தான் ஆசுபத்திரிக்குப் போறேன். மன்றத்துப் பொறுப்ப வேற யாருக்காவது குடுங்க. இல்ல, திரும்பி வந்ததும் நானே பாத்துக்கிடுறேன். அதுவும் நீங்க முடிவு பண்ணுங்க. அந்தப் பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுக்கணும், மறந்துராதீங்க.”

தமிழ் டீச்சரின் கையிலிருந்த சந்தனக் கிண்ணம் சரிந்தது. வடிவு திரும்பி நடந்தாள். என்ன நினைத்தால் என்ன? மெமோ குடுத்தால் வாங்கிக்கொள்வது. வேலைக்கே கேடு வந்தால் அப்போது பார்த்துக்கொள்வது. ஊர் பேசும், பேசாமல் இருந்தது எப்போது? முதுகு சில்லென்று வியர்த்து, இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கி, மைதானத்தைக் குறுக்கே கடந்தாள். தலை நிமிர்ந்துதான் கடந்தாள் என்று சொல்ல முடியாது, தலை நிமிரவில்லை, ஆனால் கடந்தாள்.

அரசு மருத்துவமனையில் புற நோயாளிச் சீட்டு எழுதுகிற ஜன்னலுக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. நாயகம் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் கால் இன்னும் துடித்தது. முன்னால் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்து, அவள் நடுக்கத்தைக் கண்டு, குளிர் காய்ச்சலா தாயி, நீ முன்ன போ என்று வழிவிட்டார். ஜன்னலுக்குள் இருந்த நர்ஸம்மா நிமிராமல் கேட்டார்.

“பேரு? என்ன தொந்தரவு?”

“சண்முகவடிவு. முதுகுல ஆபரேஷன் பண்ணினதுங்க சிஸ்டர், அந்த வலிதான்...” என்று நாயகம் முந்திக்கொண்டார். மனுஷன் அவளை மூடிப் பாதுகாக்கப் பார்த்தார். அவர் சட்டைப் பையில் அட்டை இன்னும் துருத்திக்கொண்டிருந்தது. வழியெல்லாம் பைக்கின் பின்னால் உட்கார்ந்து அவள் பார்க்காமல் பார்த்துக்கொண்டு வந்த அட்டை.

“அவர் சொல்றத எழுதாதீங்க” என்றாள் வடிவு. ஆயிரம் பிள்ளைகளை அதட்டின குரல். அடக்கத் தெரியாது அதற்கு. வரிசை முழுக்கத் திரும்பியது. “வலி மாத்திரை. அபின் இனம்னு சொல்றாங்களே, அது. விட முடியல. விடணும். அதுக்கு வந்திருக்கேன். அத எழுதுங்க.”

நர்ஸம்மா இப்போது நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அவள் கண்ணையும் கையையும் பார்த்தார். குரல் தணிந்தது. “கடைசியா எப்ப போட்டீங்கம்மா?”

“நேத்து சாயங்காலமா இருக்கும். நினைவில்ல.”

“சரி. பயப்படாதீங்க, டாக்டர் பாத்து மெல்ல மெல்லக் கொறைப்பாங்க.” எழுதிக்கொண்டே கேட்டார்: “இப்ப முதுகுல வலி இருக்கா?”

இருக்கு என்று சொல்லத்தான் வாய் திறந்தது. எப்போதும் தயாராக நுனிநாக்கில் இருக்கிற பதில். சொல்லவில்லை. கண்ணை மூடி முதுகுக்குள் தேடினாள். தழும்பு இருந்தது. எரிச்சல் இருந்தது. ஆணி இறங்குகிற இடம் இருந்தது. அதில் எது டிஸ்க் விலகியதால் வந்தது, எது இன்றைக்கு மாத்திரை கிடைக்காத கோபத்தில் உடம்பு போடுகிற கூச்சல், பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இத்தனை நாளும் தன்னுடையது தன்னுடையது என்று மல்லுக்கட்டினாளே, அதில் தன்னுடையது எவ்வளவு என்று இந்த நிமிஷம் அவளுக்குத் தெரியவில்லை.

“தெரியல சிஸ்டர்” என்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அதத்தான் நான் கண்டுபிடிக்கணும். எழுதுங்க.”